சிங்காநல்லூர் வீட்டு ஜப்தி

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோதே பிரபாவதிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு மாமியார் சும்மா விடப்போவதில்லை என்று. துபாய்ப் பக்கத்து அஜ்மானில் அந்த ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் எதையும் எங்கேயும் ஒளித்துவைக்க முடியாது. அலமாரியில் துணிக்கடியில் அவள் வைத்திருந்த ஃபைல் இப்போது சரோஜா அம்மாளின் மடியில் இருந்தது.

பேத்தி ஸ்கூல் பஸ் ஏறும்வரை அந்த அம்மாள் பொறுத்திருந்தார்.

“இது என்ன பத்திரம் பிரபா?”

“பவர் பத்திரம்ங்க அத்தை.”

“எனக்கும் படிக்கத் தெரியும். பொள்ளாச்சியில உங்கப்பன் குடுத்த பூமிய விக்கறதுக்கு உங்கண்ணன் பேருக்குப் பவர். நாளைக்கு துபாய் கான்சுலேட்டுல போய் முத்திரை வாங்கப் போற. வித்த காசு யாருக்குப் போகுது?”

பிரபாவதி டிபன் பாக்ஸை மூடினாள்.

“எங்கூட்டுக்காரரு கட்டி, மகன் பேருக்கு எழுதி வெச்சது சிங்காநல்லூர் ஊடு. கோர்ட் அமீனா வந்து தமுக்கடிச்சு, கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனான். தெருவே நின்னு வேடிக்கை பாத்துது. மானம் தாங்காம இங்க ஓடி வந்தேன். அந்த ஊடு ஏலத்துக்குப் போற நேரத்துல உன்ற சொத்த நீ பத்திரம் பண்ணிக்கறயா? அந்தக் கிரெடிட் கார்டெல்லாம் உன்ற பைக்குள்ளதான இருந்துது... தேச்சுத் தேச்சுச் சேலை எடுத்தயே, நான் பாக்கலையா?”

குளியலறை வாசலில் கல்யாணசுந்தரம் தோளில் துண்டோடு நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. தாயையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

கார்டுகள் அவள் பையில் இருந்தது உண்மைதான். ஐந்து வருஷத்துக்கு முன், நாத்தனார் சங்கீதாவின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன நாளில் புருஷன் கொடுத்துவிட்டான். மண்டபம், சமையல், மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எல்லாமே மூன்று பேங்குகளின் கிரெடிட் கார்டில்தான் நடந்தன. அம்மாவிடம் மட்டும், “கையில ரொக்கம் இருக்கு, நீ கவலைப்படாத” என்று சொல்லியிருந்தான். அந்தக் கடனை அடைக்கத்தான் வளைகுடாவுக்கு வந்ததே. கொஞ்ச நாள் கட்டினான். அப்புறம் முதல் கம்பெனி சம்பளம் தராமல் இழுத்தடித்ததில் விட்டுப்போயிற்று. மூன்றரை லட்சம் வட்டியோடு ஒன்பது லட்சமாகி நின்றது. அதில் அதிகப் பாக்கி வரவேண்டியிருந்த பேங்க் கோயமுத்தூர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வீட்டை ஜப்தி செய்துவிட்டது. ஜூன் கடைசியில் ஏலம்.

திவாலென்று கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று வக்கீல் கோபாலசாமியிடம் கேட்டார்கள். “கொடுத்தாலும் வீடு உங்களுக்கு மிஞ்சாதுங்க. கோர்ட் எடுத்து எல்லாக் கடன்காரனுக்கும் பிரிச்சுக் குடுத்திரும். அதுக்கும் நீங்க நேர்ல வரணும்” என்றார் அவர். நேரில் எப்படிப் போவது? துபாயில் கட்டட சைட்டுகள் எல்லாம் நின்றுபோய், நாலு மாதமாகக் கம்பெனியில் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில். கேட்டால், “நெக்ஸ்ட் வீக், பாய்” என்பான் மேனேஜர். ஷார்ஜாவில் ஒரு பல் கிளினிக் ரிசப்ஷனில் பிரபாவதி வாங்கும் சம்பளத்தில்தான் வாடகையும் சாப்பாடும். அவளும் நகர முடியாது.

வக்கீல் இன்னொரு வழியும் சொன்னார். கோர்ட் சம்மன் 2007-இல் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியது சரோஜா அம்மாள். அது மகனுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் கேட்பாரில்லாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. ‘மகன் வெளிநாட்டில் இருந்தான், நான் அவனிடம் சொல்லவில்லை’ என்று அந்த அம்மாள் வந்து சத்தியம் செய்தால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம்.

கல்யாணசுந்தரம் ஒரேயடியாக மறுத்துவிட்டான். “ஆஞ்சியோ பண்ணுன உடம்பு. தன்னாலதான் ஊடு போச்சுன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. நீ வாயத் தொறக்கக்கூடாது பிரபா.” கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல்தான் பிரபாவதி அந்தக் கடனை அடைக்கத் தன் பூமியை விற்கத் துணிந்தாள்.

ஒரு மாதமாக அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் இந்தப் பேச்சு இந்த நிமிஷமே நின்றுவிடும். சொல்ல முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லிஃப்டில் யாரும் இல்லாததால் மூன்று மாடிக்கு மட்டும் அழுதாள்.

அன்று முழுக்க நோயாளிகளிடம் சிரித்துச் சிரித்து டோக்கன் கொடுத்தாள். சாயங்காலம் ஷார்ஜா டிராஃபிக்கில் பஸ் ஒரு மணி நேரம் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள்; இறங்கவும் முடியாது, போகவும் முடியாது. வீட்டுக்குப் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் போவதற்கு வேறு இடமும் இல்லை.

கதவைத் திறந்ததும் மாமியாரின் பெட்டிதான் கண்ணில் பட்டது. கட்டித் தயாராக ஹால் நடுவில் நின்றது. கல்யாணசுந்தரம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான்.

“ஏனுங்க அத்தை... எங்க கிளம்பிட்டீங்க?”

“உக்காரு. மத்தியானம் வக்கீல் போன் பண்ணுனாரு. நான்தான் எடுத்தேன். ‘மருமக சொல்லியிருக்குமே, எப்பம்மா வர்றீங்க’ன்னு கேட்டாரு.”

பிரபாவதி அப்படியே உட்கார்ந்தாள்.

“அந்தக் கவர வாங்குனது நான்தான். பக்கத்து ஊட்டுக்காரங்கூடக் காம்பவுண்டுத் தகராறு இருந்துதே, அதுக்குத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன். அந்நிய நாட்டுல பாடுபடற பையனுக்கு இத வேற சொல்லோணுமான்னு பீரோவுல போட்டுட்டேன்.” குரல் ஒரே சீராக இருந்தது. “உனக்கு எப்பத் தெரியும்?”

“ஒரு மாசமாங்க.”

“ஒரு மாசம்...” சரோஜா அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். “தெனமும் உன்னைத் திட்டுனனே... ஒரு நாளாச்சும் திருப்பிச் சொல்றதுக்கென்ன?”

“உங்க உடம்பு தாங்காதுன்னு அவரு...”

“அவஞ் சொன்னான், சரி. காத்தால நான் அத்தனை பேசறப்ப அங்கதான நின்னான். அப்ப வாயத் தொறந்தானா?”

கல்யாணசுந்தரம் தலையைத் தூக்கினான். கண் சிவந்திருந்தது. “கார்டு தேச்சதும் நான்தான்மா. எல்லாம் சங்கீதா கல்யாணத்துக்கு. பிரபா அதுல தனக்குன்னு ஒரு ரவிக்கைத் துணிகூட எடுக்கல. உங்கிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல.”

“அஞ்சு வருஷம் பொண்டாட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுட்டியாடா?”

அவன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

சரோஜா அம்மாள் எழுந்து வந்து மருமகளின் கையைப் பிடித்தார். “மன்னிச்சுக்கோ அம்மிணின்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல.”

பரவாயில்லை என்று சொல்லத்தான் பிரபாவதி நினைத்தாள். வந்தது வேறு. “எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க அத்தை... ஒவ்வொரு நாளும் வலிச்சுது.” ஒரு மாதமாக அடக்கிவைத்தது உடைந்துவிட்டது. மாமியாரின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். “அழுதுக்கோ கண்ணு, அழுதுக்கோ” என்று அவள் முதுகைத் தடவியபடி அந்த அம்மாளும் அழுதார்.

“உன்ற பூமி அப்படியே இருக்கட்டும். அந்தப் பவரைக் கிழிச்சுப் போடு” என்றார் கடைசியில். “கோர்ட்டுக்கு நான் போறேன்.”

கல்யாணசுந்தரம் துணைக்கு யாரையாவது தேடிப்பார்ப்பதாகச் சொன்னான். அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஷார்ஜா ஏர்போர்ட்டில், மாத்திரைப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தனியாகவே உள்ளே நடந்துபோனார்.

ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு மத்தியானம். கிளினிக்கில் பிரபாவதியின் மொபைல் அடித்தது. வக்கீல் கோபாலசாமி.

“ஒருதலைத் தீர்ப்பு ரத்தும்மா. ஜப்தியும் போச்சு, ஏலம் இல்லை. கடன் அப்படியேதான் இருக்கு. கேஸ் திரும்ப நடக்கும், பேங்க்ல பேசித் தவணை வாங்கிக்கலாம். வீடு இப்போதைக்குத் தப்பிச்சுது.”

“அத்தை நல்லாப் பேசுனாங்களா சார்?”

“கையெழுத்து என்னுதுதான்னு டக்குனு ஒத்துக்கிட்டாங்க. ஜட்ஜ் போதும்னாரு. இவங்க கூண்டை விட்டு இறங்கல. ‘நான் பண்ணுன தப்புக்கு என்ற மருமக ஒரு மாசம் எங்கிட்டப் பேச்சு வாங்குனாங்க சாமி, காட்டிக் குடுக்கல. அதையும் எழுதிக்கோங்க’ன்னாங்க. ‘அது கேஸுக்கு வேண்டாம்மா’ன்னாரு ஜட்ஜ். ‘எனக்கு வேணும்’னு அப்படியே நின்னுட்டாங்க. கடைசியில அவரு சிரிச்சுக்கிட்டே எழுதச் சொல்லிட்டாரு.”

டோக்கனை நீட்டிக்கொண்டு முன்னால் நின்ற ஆள் ஏதோ கேட்டார். பிரபாவதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேசையில் கையூன்றி, “ஒரு நிமிஷம்” என்று மட்டும் சொன்னாள்.