செருப்பைக் கையில் பிடித்தவன்

தேனி பேருந்து நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதுரை வண்டியைப் பிடிக்க ஓடிய நாகஜோதி, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்றவன் மேல் மோதினாள். அவளுடைய பை சேற்றில் விழுந்தது.

"ஏங்க, அங்கன கூரை இருக்கும்போது செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு இங்கன ஏன் நிக்கிறீக?"

"மோதுனதும் நீங்க... வையிறதும் நீங்களா?"

சிரித்தான். இமைகளில் மழைத்துளிகள்... அவளுடைய கோபம் பாதியில் நின்றுபோனது.

பேருந்தில் பக்கத்து இருக்கையும் அவனுக்கே கிடைத்தது. பெயர் சுருளிவேல். தேனி காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவன். மண்டி வேலையாகத் திங்கட்கிழமைதோறும் மதுரை போகிறவன்.

"சின்ன வயசுலருந்தே கால் எரியுங்க. தண்ணியில வச்சாத்தான் கொஞ்சம் அடங்கும். எவ்வளவு வெயில்லயும் வேர்க்காது. டாக்டருக ஒண்ணுமில்லன்னுட்டாக."

நாகஜோதிக்கு நெஞ்சு திக்கென்றது. மதுரையில் அவள் ஆராய்ச்சி செய்வதே இதே அறிகுறிகள் கொண்ட ஒரு நோயைப் பற்றித்தான். ஒவ்வொரு செல்லின் உறையிலும் சர்க்கரையைத் தலையில் சுமந்து நிற்கும் கொழுப்புகள் உண்டு. ஒரு செல் இன்னொன்றை அறிந்துகொள்ள அவையும் உதவுகின்றன. பழையதானவற்றைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அப்போது அவை உள்ளே தேங்கும். முதலில் நரம்பு எரியும். பிறகு சிறுநீரகம்... இதயம்...

சொல்லவா? முன்பின் தெரியாதவனிடம் எப்படி?

ஊரிலிருந்து அவள் ஆராய்ச்சிக்குத் திரும்பிய அடுத்த திங்கட்கிழமையும் அதே வண்டி. அதற்கடுத்த திங்களும். அவன் ஏலக்குரலில் அவள் பெயரைக் கூவிச் சிரிக்கவைத்தான். சிரித்து முடித்ததும் அவளுக்குப் பயம் வந்தது. ஒருநாள் தாங்க முடியாமல் தன் ஆராய்ச்சியையும் சந்தேகத்தையும் சொல்லிவிட்டாள்.

அவன் முகம் இறுகியது.

"அப்ப இத்தன நாளும் என்னைய ஆராய்ச்சியா பண்ணிக்கிட்டு இருந்தீக?"

பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டான். அதன்பின் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமைகளில் பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். 'எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாரோ...' அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்தவள், ஒரு காலையில் நேரே மண்டிக்கே போய்விட்டாள். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"டெஸ்ட் எடுத்துட்டேன். நீங்க சொன்னதேதான்," என்றான்.

"மருந்து இருக்குங்க. இல்லாத நொதிய ஊசி வழியா ஏத்துவாக. இப்பவே ஆரம்பிச்சா..."

"அதெல்லாம் டாக்டர் சொன்னாக. இன்னொன்னும் சொன்னாக." தலையைக் குனிந்துகொண்டான். "பொம்பளப் புள்ள பொறந்தா அதுக்கும் இந்தக் கோளாறு கட்டாயம் போகுமாம். அதான் போனை எடுக்கல."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கண் நிறைந்தது.

"பொண்ணு பொறக்குற வரைக்கும் யோசிச்சீகளா... எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலே?"

ஊருக்கே கேட்கக் கூவுகிறவன் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பயமா இருக்கு ஜோதி... உன்னைய ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"எனக்கும் பயந்தான்," என்றாள். "பயந்துக்கிட்டேதான் கட்டிக்கப் போறேன்... உங்கள."