எல்லை மரத்தையே வெட்டிவிட்டார்கள்!

எங்கள் வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரு மரம் நடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எண்ணூறு மரம் நட வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு எங்களுடையது. பாதி அப்பாவுக்கு, பாதி அத்தைக்கு. போன வருடம் வரை அங்கே பைன் மரங்கள் அடர்த்தியாக நின்றன. எல்லாம் முற்றிவிட்டன என்று வெட்டி விற்றார்கள். அடுத்து வந்த முதல் மழையிலேயே சரிவிலிருந்த சேறு நேராக என் அறைக்குள் வந்துவிட்டது. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியிலிருந்து மண் அள்ளினேன். மறுபடியும் அங்கே மரம் வளர வேண்டும் என்று வேறு யாருக்கு அவசரமோ இல்லையோ, எனக்கு ரொம்ப அவசரம்.

சனிக்கிழமை காலை நாற்றுப்பண்ணை அக்கா வண்டியில் எண்ணூறு பைன் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார். வேரில் மண்ணே கிடையாது. ஐம்பது ஐம்பதாகக் கட்டி, வேர்களை ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார்.

"வேர் காயவே கூடாது," என்றார். "காஞ்சா செத்துடும். ஆனா இலை ஒரு மாசம் பச்சையாவே இருக்கும், உயிரோட இருக்குன்னு ஏமாந்துடுவீங்க. இன்னைக்கே நட்டுடுங்க. இந்த வருஷத்துக்கு வேற கன்னு கிடையாது."

அப்பாவும் அத்தையும் நன்றாகத் தலையாட்டினார்கள். வண்டி போனது. சாக்குகளைப் பிரித்துக் கட்டுகளை வெளியே எடுத்து வைத்தார்கள். அப்புறம் சண்டையை ஆரம்பித்தார்கள்.

முதல் வரிசையை எல்லையிலிருந்து நட வேண்டும். எல்லைக்கு அடையாளமாக ஒரு பெரிய பைன் மரம் இருந்தது. போன வருடம் அதையும் சேர்த்து வெட்டியாயிற்று! அதை மட்டும் விட்டுவிடும்படி அத்தை சொல்லுவார் என்று அப்பா இருந்துவிட்டார். அப்பா சொல்லுவார் என்று அத்தை இருந்துவிட்டார். இப்போது சரிவு முழுக்க அடிக்கட்டைகள். எல்லாம் ஒரே மாதிரி.

அப்பா, அத்தையின் பக்கமாகப் போய் ஒரு கட்டையின் மேல் ஏறி நின்றார். "இதுதான்க்கா எல்லை மரம்."

"யாருகிட்ட கதை விடற?" அத்தை, அப்பாவின் பக்கமாகப் போய் இன்னொரு கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "இதுதான்டா."

"சர்வேயர் வந்து சொல்லட்டும்."

"வரட்டுமே! புதன்கிழமைதான் வருவாராம்."

புதன்கிழமையா? வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு கன்றுக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். நுனி வேர்கள் சுருண்டு, தொட்டால் ஒடிந்தன. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அப்பா, வேர் காயுது!"

"ஒரு நிமிஷம் இரும்மா."

"அத்தை, வேர் காயுது!"

"பேசிட்டிருக்கோம்ல!"

இவர்களிடம் சொல்லிப் பயனில்லை. வாளியில் மண்ணையும் தண்ணீரையும் குழப்பி, பதினாறு கட்டுகளின் வேர்களையும் முக்கி எடுத்தேன். சாக்குகளை நனைத்து மூடினேன். முடித்து நிமிர்ந்தபோது, அப்பா ஆறாம் வகுப்பு படித்தபோது யார் குடையை யார் உடைத்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடப்பாரையை இழுத்துக்கொண்டு இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் போய் நின்றேன். பத்தடி அகலம். கல்லும் வேருமாகக் கிடந்தது. இதற்கா இந்தப் பாடு?

"சரி, இது யாரோட இடம்?"

"என்னோடது!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அப்போ இடம் யாரோடதோ அவங்களே வந்து தோண்டட்டும். இந்தக் கல்லை எல்லாம் அவங்கதான் பெயர்க்கணும்."

அத்தை தரையைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீயே வெச்சுக்கோடா. பெரியவ நான்தான் விட்டுக் கொடுக்கணும்."

"சேச்சே! உன் இடத்தை நான் எடுப்பேனாக்கா? நீயே வெச்சுக்கோ."

"பரவாயில்லடா, எடுத்துக்கோ."

"முடியாது. உனக்குத்தான்!"

இப்போது கொடுப்பதற்குச் சண்டை. தலையில் அடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாமா? அப்போ இது எனக்கு," என்றேன். "உங்க வரிசையை என் இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆரம்பிச்சுக்குங்க."

இருவரும் வாயைத் திறந்தார்கள். அவர்கள் பேசும்வரை நான் காத்திருக்கவில்லை.

நான் கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். கல்லில் பட்டு 'டங்' என்றது. கை முழுக்க அதிர்ந்தது.

"ஐயோ, குழந்தை எப்படித் தோண்டும்?" அத்தை ஓடி வந்தார். இடுப்பு வலி எங்கே போனதோ!

"தள்ளுக்கா, என் பொண்ணுக்கு நான் தோண்டறேன்." அப்பா இன்னொரு கடப்பாரையோடு வந்தார்.

"ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு நடணும்," என்றார் அப்பா.

"மூணு மீட்டர்," என்றார் அத்தை.

"என் இடம். ரெண்டரை," என்றேன்.

ரெண்டரை மீட்டருக்கு ஒன்றாக நட்டார்கள்.

நான் பின்னாலேயே போய், அப்பா நட்ட முதல் கன்றின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

"அப்பா, இது ஆழம் போதாது. மறுபடி நடுங்க."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். அவர் நட்டதையும் இழுத்தேன். அதுவும் வந்தது.

"நீங்களும்தான், அத்தை."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேலை செய்தார்கள்.