துக்கத்தின் எல்லைப்பட்டியல்

தூத்துக்குடி துயரகத்தின் வரவேற்பறையில் பர்னபாஸ் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாளை மனைவியின் பத்தாம் ஆண்டுத் திருப்பலி. முந்தைய ஒன்பதிலும் இப்படியேதான் உட்கார்ந்திருந்தார். அவள் இறந்த வாரமே துக்கத்தை நினைவோடு சேர்த்து இங்கே இறக்கி வைத்துவிட்டார். அழுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். இந்த ஒரு தடவையாவது அப்பா அழ வேண்டும் என்று மகள் ரெஜினாதான் அவரை இழுத்து வந்திருந்தாள்.

வந்த நேரம், எல்லார் துக்கத்தையும் சேமித்து வைக்கும் சேவையகக் கணினி படுத்துக் கிடந்தது.

“துக்கமெல்லாம் பத்திரமா இருக்கு தங்கச்சி,” என்றான் பொறியாளன் முத்துமாலை. “எது யாரோடதுன்னுதான் தெரியல.”

ஒரே சேவையகத்துக்குள் நாலாயிரம் மெய்நிகர் கணினிகள், ஆளுக்கு ஒன்று. அதன் வன்வட்டில் யாருடைய துக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எல்லைப்பட்டியல்தான் சொல்லும். காலையில் யாரோ புது வட்டு என்று நினைத்துப் பழையதில் வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டார்கள். நகல் இருந்தது, அதே வட்டின் கடைசியில். அதுவும் சேர்ந்து போயிற்று. அவ்வளவு புத்திசாலிகள்! வரப்பை அழித்த வயல் மாதிரிதான். மண் எங்கும் போகவில்லை.

முத்துமாலை வட்டு முழுவதையும் துழாவி, ஒவ்வொரு பகுதியின் தொடக்கக் குறியையும் கண்டுபிடித்து, எல்லைகளை மறுபடி போட்டுவிட்டான். பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தின் தேதியையும் அளவையும் வைத்துப் பார்த்ததில் பர்னபாஸுக்கு இரண்டு பொருந்தின. அதில் ஒன்று, வெளியே டோக்கனோடு நிற்கும் வேறு யாருடையதோ. திறந்து பார்க்க அவனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

“ஐயா, உங்களோடது எப்படி இருக்கும்னு...”

“தெரிஞ்சா இங்க எதுக்குப்பா வாரேன்?” என்றார் பர்னபாஸ், கோபம்கூட இல்லாமல்.

“சரி, ஒண்ணை ஏத்துறேன். தங்கச்சி பாத்துச் சொல்லட்டும். இல்லேன்னா எடுத்துட்டு அடுத்தது.”

தலைவளையம் மாட்டி மூன்று நிமிடம் ஆயிற்று. பர்னபாஸின் தாடை ஆடியது. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

“ஆத்துல எறங்காதன்னு சொன்னேனே... கேட்டாளா?”

ரெஜினா அப்படியே நின்றாள். அம்மா ஆற்றில் போகவில்லை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து காய்ச்சலில் போனாள். அந்த ஐந்து வாரத்தில் அப்பா எண்ணி நாலு நாள்தான் வந்தார்.

“எடுத்துரவா தங்கச்சி? அடுத்ததைப் போட்டுப் பாப்போமா?”

அடுத்ததைப் போட்டு, அப்பா இவ்வளவு அழாவிட்டால்?

“வேண்டாம்ண்ணே,” என்றாள். “இது எங்கம்மாதான். கையெழுத்து எங்க போடணும்?”