சங்கிலியின் மறுமுனை

சங்கிலி இரண்டு முறை இழுபட்டது. தண்ணீர் கேட்கிறான்.

ஹோரஸ் கண்ணைத் திறக்காமலே வலது கையால் தரையைத் துழாவித் தகரக் குவளையை எடுத்தான். இடது மணிக்கட்டில் விலங்கு, விலங்கிலிருந்து ஒரு முழச் சங்கிலி, அதன் மறுமுனையில் அவன் பிடித்துக்கொண்டு போகும் கைதி எஸ்ரா கிராட். தொண்டை வீங்கி எஸ்ராவின் பேச்சு தேய்ந்துபோனதிலிருந்து இருவருக்கும் இடையே சங்கிலிதான் மொழி. ஒரு முறை இழுத்தால் வெளிக்குப் போக வேண்டும், இரண்டு முறை இழுத்தால் தண்ணீர். ஹோரஸ் குவளையை அவன் உதட்டில் வைத்துச் சாய்த்தான். உள்ளே போன தண்ணீர் அதே வேகத்தில் வாயோரமாக வெளியே வந்து, தாடியை நனைத்து, ஹோரஸின் கையில் வழிந்தது. தொண்டை அசையவில்லை.

"முழுங்குடா. நான் என்ன தோட்டத்துக்கா தண்ணி பாய்ச்சறேன்?"

எஸ்ரா நன்றாக இருந்தபோதே அதிகம் பேசுகிறவன் இல்லை. ஹோரஸ் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

வெளியே பனிப்புயல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பகலா இரவா என்று சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம் ஒன்று கதவிடுக்கில் நின்றது. கோச் வண்டிகளுக்குக் குதிரை மாற்றும் இடமாக இருந்து, குளிருக்கு மூடிவிட்டுப் போன குடிசை அது. கேன்சஸ் சமவெளியில் மரம் ஏது? புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். காற்று வேகமெடுக்கும்போதெல்லாம் கூரையிலிருந்து மண் உதிர்ந்து தொப்பியில் விழுந்தது. அடுப்பில் எருமைச் சாணி வறட்டி புகைந்தது. அந்தப் புகை, ஈரக் கம்பளி, ஆறிப்போன காப்பி, எஸ்ராவின் காய்ச்சல் வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு வாடைக்கு மூக்கு பழகியிருந்தது. அதில் எஸ்ராவின் பங்கு மட்டும் இப்போது குறைந்திருப்பதாக ஹோரஸுக்குத் தோன்றியது. அதை யோசிக்கவும் அவனுக்குத் தெம்பில்லை.

அவன் அலுத்துப் போயிருந்தான். டெபுடி மார்ஷல், சட்டத்தின் காவலன் என்று சட்டையில் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்ட நாளிலிருந்து அடுத்தவன் பாவத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அலைவதே பிழைப்பு. ஆனால் இந்த முறை அலைந்தது சொந்தக் காரியமும்கூட. தங்கை லெட்டியின் புருஷன் வெண்டலுக்கு பெல்லமி ஊரில் தூக்கு மேடை கட்டியாகிவிட்டது. கோச் வண்டிக்காரனைச் சுட்டதாக அவன்மேல் வழக்கு. சுட்டது எஸ்ரா. சொல்ல வேண்டியவனும் அவன்தான், அதுவும் சொந்த வாயால், நீதிபதியின் முன்னால். ஹோரஸ் போய்ச் சொன்னால் மச்சானைக் காப்பாற்ற மச்சான் அளக்கிறான் என்று ஊரே சிரிக்கும்.

கூட வந்த டெபுடி ஜூபல் நேற்று மேகம் கறுக்கும் முன் கிளம்பிப் போயிருந்தான்.

"இவனைக் குதிரையில வெச்சா பாதி வழியிலேயே போய்ச் சேந்துடுவான், அண்ணே. நீங்க இங்கேயே வெச்சுத் தேத்துங்க. நான் முன்னாடி போயி, ஆள் கெடைச்சிட்டான், தூக்கை நிறுத்துங்கன்னு நீதிபதி காலைப் புடிக்கிறேன்."

"சாவி?"

ஜூபல் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினான். "என்கிட்டதான். புதுசா கேக்குறீங்க?"

புதிதாகக் கேட்க அதில் ஒன்றும் இல்லைதான். கைதியோடு பூட்டிக்கொள்கிறவனிடம் சாவி இருக்கக் கூடாது. இருந்தால் தூங்கும்போது கைதி மண்டையைப் பிளந்துவிட்டு எடுத்துக்கொள்வான். இல்லையென்றால் டெபுடியைக் கொன்றும் பயனில்லை, பிணத்தை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு ஓடுவான்? இத்தனை வருஷமும் ஹோரஸின் உயிரைக் காத்த வழக்கம் அது. கைதி செத்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புயல் பிடித்த பிறகு எஸ்ரா ஒரே ஒரு தடவை பேசினான். காற்றும் எச்சிலும் கலந்த குரல்.

"ஐயா, என்னைப் போக விடுங்க."

"எங்கடா போவே? வெளிய எட்டிப் பாத்தியா?"

"அந்தப் போறதைச் சொல்லல. உசுரு இழுத்துக்கிட்டு இருக்குது ஐயா. விட்டா நிம்மதியா போயிடுவேன்."

ஹோரஸுக்குப் பயம் வந்தது. பயம் கோபமாக வெளியே வந்தது. எஸ்ராவின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தின்மேல் வைத்து அழுத்தினான்.

"நல்லாக் கேட்டுக்க. வெண்டல் உசுரோட அவன் வீட்டுப் படி ஏறுற வரைக்கும் நீ எங்கேயும் போகக் கூடாது. செத்தாலும் விட மாட்டேன். சத்தியம் பண்ணு."

எஸ்ரா அவனை வெகுநேரம் பார்த்தான். மூன்று ஊர்களில் தேடப்பட்டவன், பிடிபட்ட பிறகு ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசாதவன். "சரிங்கய்யா," என்றான். "போகல." பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

சங்கிலி இரண்டு முறை இழுபட்டது.

ஹோரஸ் குவளையை எடுத்தான். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்தான். எஸ்ரா சுவரோரம் மல்லாந்து கிடந்தான். முன்பு கொடுத்த தண்ணீர் அவன் தாடியில் உறைந்து வெள்ளையாக நின்றது. இவ்வளவு காய்ச்சல் அடிக்கும் முகத்தில் பனி எப்படி உறையும் என்று ஹோரஸ் நிதானமாக, வேறு யாருடைய கவலையையோ யோசிப்பதுபோல, யோசித்தான். கன்னத்தைத் தொட்டான். நாள் முழுக்கக் குளிர்ந்த கொட்டகையில் கிடந்த சேணத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

சட்டையிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றி, கையால் தேய்த்து, அவன் மூக்கினடியில் பிடித்தான். மூச்சு இருந்தால் தகடு மங்கும். அருகில் எரிந்துகொண்டிருந்த விளக்கை நகர்த்திப் பார்த்தான். தகடு பளிச்சென்று இருந்தது, அதில் அவன் கண்ணே அவனுக்குத் தெரிந்தது. மறுபடியும் தேய்த்துப் பிடித்தான். மங்கவில்லை.

"எஸ்ரா."

கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

"அடப்பாவி, இப்பத்தான் உனக்கு நேரம் கெடைச்சுதா? இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?"

சொல்லச் சொல்லவே அவனுக்கு அழுகை வந்தது. எஸ்ராவுக்காக அல்ல. பெல்லமியில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் லெட்டிக்காக. அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. மூச்சு நின்று நேரமாகியிருக்கிறது. அப்படியானால் தண்ணீர் கேட்டது யார்?

பிணம் விறைக்கும்போது கை மடங்கும். டெபுடி வேலையில் எத்தனை பார்த்திருக்கிறான். அதுதான். அது மட்டும்தான். குனிந்து எஸ்ராவின் கையைப் பார்த்தான். உள்ளங்கை விரிந்து தரையில் கிடந்தது. அது அசைந்த தடம் புழுதியில் எங்கும் இல்லை. சங்கிலி இருவருக்கும் நடுவே தொய்ந்து கிடந்தது.

தொய்ந்து கிடந்த சங்கிலியின் வழியே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மணிக்கட்டில் அந்த இழுப்பு வந்தது. ஒன்று. இரண்டு.

சங்கிலி அசையவில்லை.

அவன் பின்னால் நகர்ந்தான். ஒரு முழச் சங்கிலியில் எவ்வளவு தூரம் நகர முடியும்? பிணம்தான் கூடவே நகர்ந்தது. தோள் தரையில் உரசியது. தலை அவன் பக்கம் திரும்பியது. ஹோரஸ் நின்றுவிட்டான்.

அடுப்போரம் கோடாரி இருந்தது. செத்தவனுக்கு வலிக்கப்போவதில்லை. வெட்டினால் விடுதலை. பிணத்தை இழுத்துக்கொண்டே போய் அதை எடுத்தான். இழுக்கும்போது எஸ்ராவின் பூட்ஸ் குதிகால்கள் தரையைக் கீறும் சத்தம் கேட்டது. சங்கிலியை அடுப்புக் கல்லின்மேல் வைத்து வெட்டினான். இரும்பு, கோடாரியின் வாயைத்தான் மடக்கியது. பிறகு எஸ்ராவின் மணிக்கட்டைக் கல்லின்மேல் வைத்தான். ஓங்கினான்.

ஒன்று. இரண்டு.

மெதுவாக. கெஞ்சுவதுபோல.

கோடாரி கையிலிருந்து நழுவியது. தாகம் எடுத்த ஒருவனின் கையை வெட்ட அவனால் முடியவில்லை. குவளையை எடுத்தான். வாயில் ஊற்றினான். வழிந்தது. கீழே வைத்தான்.

மறுபடியும் ஒன்று. இரண்டு.

ஊற்றினான். வழிந்தது. தண்ணீர் தீர்ந்ததும் கதவை இடுக்களவு திறந்து பனியை வாரிக் குவளையில் போட்டு அடுப்பில் உருக்கினான். வாசலுக்குப் போகும்போதும் வரும்போதும் குதிகால்கள் கூடவே கீறின. பயந்து கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கத்துவதற்கும் தெம்பு வேண்டும். ஒரு கட்டத்தில் பயம் வெறும் வேலையாகிவிட்டது. கேட்டான், கொடுத்தான். கேட்டான், கொடுத்தான்.

"போயிடு, எஸ்ரா," என்றான் ஒரு தடவை. "நான் கோவத்துல சொன்னதுடா அது."

ஒன்று. இரண்டு.

காற்று எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. கதவு தள்ளப்பட்டு உள்ளே வெயில் விழுந்தது. ஜூபல் மீசையெல்லாம் பனியாக நின்றான். தரை முழுக்கத் தண்ணீர் உறைந்து கிடந்ததைப் பார்த்தான். எஸ்ராவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப போனான்?"

"இன்னும் போகல," என்றான் ஹோரஸ்.

ஜூபல் அவன் முன்னால் மண்டியிட்டுச் சாவியை எடுத்தான். விரல்கள் விறைத்திருந்ததால் பூட்டுக்குள் நுழையவில்லை. ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டான். அவன் ஹோரஸின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஜூபல், வெண்டல்?"

"முதல்ல இதைக் கழட்டிக்கிறேன், அண்ணே."

"வெண்டலுக்கு என்னாச்சுன்னு கேக்குறேன்."

பூட்டு திறந்தது. சங்கிலி தரையில் விழுந்தது.

"புயல் வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு முன்னாடியே ஏத்திட்டாங்க. நான் போறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. லெட்டி உங்களைத்தான் கேட்டா. அண்ணன் வந்துட்டாரான்னு." ஜூபல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "நீங்க வெளிய வாங்க, அண்ணே. குதிரையைக் கட்டிட்டு வந்து இவனை நான் தூக்கிக்கிறேன்."

அவன் போர்வையை எடுத்து எஸ்ராவை முகம் வரை மூடிவிட்டு வெளியே போனான். குதிரை செருமியது. பனியில் காலடிகள் நறநறத்தன.

ஹோரஸ் உட்கார்ந்தே இருந்தான். வெண்டல் இனி அவன் வீட்டுப் படி ஏறப்போவதில்லை. இடது மணிக்கட்டில் விலங்கு கிடந்த இடம் சிவந்து வளையமாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. வெறும் கை. சங்கிலி சுருண்டு அடுப்போரம் கிடந்தது.

வெறும் கை மடியிலிருந்து இழுபட்டு எழும்பியது. ஒன்று.

இரண்டு.

"அண்ணே! வாங்க!" வெளியிலிருந்து ஜூபல் கூப்பிட்டான்.

ஹோரஸ் போகவில்லை. குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, முழங்காலில் நகர்ந்துபோய், போர்வையை விலக்கினான். பனி படிந்த உதட்டில் குவளையை வைத்துச் சாய்த்தான். வழியும் என்று காத்திருந்தான்.

வழியவில்லை. குவளை மெல்ல மெல்ல லேசாகிக்கொண்டு வந்தது. தாடிக்குக் கீழே, நீலம் பாரித்த தோலுக்குள், தொண்டை ஏறி இறங்கியது.