நோன்பிருந்த தொட்டிகள்

எர்காஷின் பண்ணைப் புழுக்கள் ஒரு முழுக் கழுதையைச் சேணத்தோடு, ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் தின்று தீர்த்தன. குளம்புகளை மட்டும் துடைத்து வரிசையாக வைத்தன. கோகந்து ஊர் முழுக்க, எர்காஷ் சொல்லும் இந்தக் கதையை நம்பாதவன் துர்தாலி ஒருவன்தான். எர்காஷின் மனைவிக்கு அண்ணன். நாற்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன்.

ரமலான் பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், தன் குளத்துக் கெண்டைகளுக்கு ஒரு வாளி புழு எடுக்க அவன் வந்தபோது முற்றத்தில் புழு சிந்திக் கிடந்தது. கோழிகள் மொத்தமும் கூரைமேல். ஒன்றுகூட இறங்கவில்லை.

"கோழிங்களுக்கு என்ன வந்துச்சு மாப்பிள்ளை?"

"அதுங்களும் நோன்பு போல மச்சான்" என்று சிரித்தான் எர்காஷ்.

தேநீர்க்கடைகள் பகலில் மூடியதிலிருந்து புழுத் தொட்டிகளுக்குத் தீனியான எச்சில் சோறு வரவில்லை. வீட்டில் மூட்டை மூட்டையாகக் காய்ந்த ரொட்டி இருந்தது. ரொட்டியைக் கழிவில் போடுவது பாவம் என்று அவன் தொடவில்லை. துர்தாலியும் ஆமாம் என்றான். ரொட்டி விஷயத்தில் உயிரியல் எடுபடாது.

கொட்டகைக்குள் புளித்த தவிட்டு நெடியும் ஈரச்சூடும் முகத்தில் அப்ப, முப்பது தொட்டிகளில் எப்போதும் எண்ணெய் பொரிவதுபோல எழும் சலசலப்பு இன்று துளியும் இல்லாமல், தன் செருப்புச் சத்தத்தை வேறு யாரோ உற்றுக் கேட்பதுபோலத் துர்தாலிக்குப் பட்டது. எட்டிப் பார்த்தான். புழுக்கள் ஒன்றையொன்று தின்று எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். எல்லாத் தலையும் அவர்கள் பக்கம்.

கூட வந்த எர்காஷ் வாளியோடு தொட்டிமேல் குனிந்தான். பட்டினித் தலைசுற்றல். உள்ளே சரிந்தான்.

துர்தாலி மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பொரியும் சத்தம் தொடங்கியது.

"விட்ராதீங்க மச்சான்."

விடவில்லை. இழுத்தான். கனத்தது. சட்டை போனது. சட்டைக்குள் இருந்தது போனது. எர்காஷ் இன்னும் ஏதோ சொன்னான். கன்னமில்லாமல். பற்கள் மட்டும் அசைந்தன. இழுத்தான். கனம் குறைந்தது. இன்னும் குறைந்தது.

பாங்கு சொல்லும்போது துர்தாலி விரிப்பில் உட்கார்ந்திருந்தான். தங்கை ராய்ஹோன் மூன்று கிண்ணங்களில் தேநீர் ஊற்றினாள்.

"அவர் எங்கண்ணா? மறுபடியும் புழு புராணமா?"

துர்தாலி மடியிலிருந்து கையை எடுத்து விரிப்பின்மேல் வைத்தான். அவன் விரல்களுக்குள் இன்னொரு கை இருந்தது, முழங்கைவரை. அதன் விரல்களும் அவனை இறுகப் பிடித்திருந்தன.

"அவர் சொன்னதெல்லாம் நெசந்தாம்மா" என்றான். "என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு."