உள்ளிருந்து உடைந்த கண்ணாடி

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனது பகல் பதினொரு மணிக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் எதையோ கண்டு மிரண்டவன் உளறுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கார்களுக்குக் கண்ணாடி மாட்டுவது என் தொழில். என்னோடு வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் மட்டும் ஓயவே ஓயாது. பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் ஒருவர் எங்களை அனுப்பியிருந்தார். காரை விலை பேசி முடித்துவிட்டாராம். முன் கண்ணாடியையும் அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் மாற்றிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர். அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைப் பருத்திப் புடவை, இழுத்து வாரிய தலை. வீட்டில் அவரும் பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய அண்ணனும்தான்.

"கார் அண்ணனோடது தம்பி. பதினெட்டு வருஷமா அப்படியே நிக்குது. சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்க."

வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஷெட். கதவைத் தள்ளியதும் மக்கிய தோல் வாசனை வந்தது. அதற்கடியில் வேறொரு வாசனை. இரும்பை நாக்கில் வைத்ததுபோல.

"மாமா, எலி செத்துக் கிடக்கும் போல" என்றான் மைத்துனன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

உருண்டை விளக்குகளும் முனை நசுங்கிய நீண்ட மூக்குமாக, தூசுக்கடியிலும் அழகான கார். கண்ணாடியில் சிலந்திவலைபோல விரிசல். ஓட்டுகிறவருக்கு எதிரே இல்லை. பக்கத்து இருக்கைக்கு நேர் எதிரே.

"மரக்கிளை விழுந்துச்சு" என்றார் டீச்சர், நாங்கள் கேட்காமலே. ஷெட் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் விரலால் தடவிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக உடைந்த கண்ணாடிகளோடு பழகுகிறவன். மேலே ஏதாவது விழுந்திருந்தால் விரிசல் உள்பக்கமாகக் குழிந்திருக்கும். இது வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

உள்ளேயிருந்து எதுவோ மோதியிருக்கிறது. ஒரு தலை அளவுக்கு.

ரப்பர் கருங்கல்லாக இறுகிப் போயிருந்தது. கத்தியைச் செருகி ஓரம் ஓரமாக அறுத்தேன். முதல் துண்டு பிரிந்து வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது. வார்த்தையில்லாத நீண்ட ஊளை. டீச்சர் அவரை அதட்டுவதும் கேட்டது.

இரண்டாவது துண்டோடு முடி வந்தது.

பெண்ணின் முடி. முழங்கை நீளம். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே காய்ந்த பழுப்புப் பிசினில் ஒட்டிக்கிடந்தது. அதன் நுனியில் ஒற்றைக்கல் தோடு.

மைத்துனன் இரண்டடி பின்வாங்கினான்.

நான் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் ஷெட் வாசலோடு நின்றுகொண்டார். கையை நீட்டிக் காட்டினேன்.

"இது உள்ள இருந்து அடிபட்ட கண்ணாடி டீச்சர். யாருக்காவது அடிபட்டுச்சா?"

"அண்ணியோடதா இருக்கும். எப்பவாவது தலை வாரியிருப்பாங்க."

"அவங்க எங்க?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான்." அவர் பார்வை தோட்டை விட்டு நகரவில்லை. "நீங்க வந்த வேலையைப் பாருங்க தம்பி."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. பிறத்தியார் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று நினைத்தேன். முடியையும் தோட்டையும் ஒரு துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பழைய காருக்குக் கண்ணாடி மாட்டுவது கயிற்று வேலை. புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தி, அதன் காடிப் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் கீழே நடுவில் உள்பக்கமாகத் தொங்க விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிச் சட்டத்தில் வைத்ததும், வெளியே ஒருவர் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். முதலில் ஒரு முனை, அடுத்து மறுமுனை.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து என் பக்கத்து முனையை இழுத்தேன். மைத்துனன் வெளியே உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தினான். கண்ணாடியில் சோப்பு நுரை வழிந்ததால் அவன் உருவம் கலங்கலாகத் தெரிந்தது.

கார் சற்றே அசைந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அசையுமே, அப்படி.

இரும்பு வாசனை பக்கத்தில் வந்தது.

நான் திரும்பவில்லை. இழுத்துக்கொண்டே மேல் நடுவுக்கு வந்தேன். இனி மறுபக்கம் பாக்கி.

கயிறு முழுதும் என் கையோடு வந்துவிட்டது.

மறுபக்கமும் முடிந்திருந்தது. ரப்பரின் உதடு, என் பக்கத்தைவிடச் சுத்தமாக, மடிப்பில்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தது. கயிற்றின் அந்த முனை சூடாக இருந்தது.

வெளியிலிருந்து மைத்துனன் குனிந்து பார்த்தான். "மாமா, டீச்சர் நல்லாத்தான் இழுக்கறாங்க. எப்ப வந்து உக்காந்தாங்க?"

கயிற்றைக் கீழே போட்டேன்.

"மாப்ளே" என்றேன் மெதுவாக. "அவங்க என்ன கலர் புடவை?"

"மஞ்சள்."

டீச்சர் வெள்ளைப் புடவையில் இருந்தார்.

அவனுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வாளியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். நான் கதவுப்பிடியைத் தேடினேன்.

என் கண்ணெதிரே, புத்தம் புதிய கண்ணாடியில், பக்கத்து இருக்கைக்கு நேரே, மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம் பனித்தது. துடைத்தேன். மறுபடி பனித்தது. அதன் நடுவில் ஒரு நெற்றி பதிந்தது.

பிறகு தட்டும் சத்தம்.

உள்ளிருந்து. விரல் கணுவால். நிதானமாக.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது கேட்டோ என்னவோ டீச்சர் வந்தார். வாசலைத் தாண்டி ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்தார்; பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல்முறை என்று பின்னால் சொன்னார். கண்ணாடியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன்தான் ஓட்டினாரு" என்றார். என்னிடம் சொல்வதுபோல இல்லை. "குடிச்சிருந்தாரு. மரத்துல மோதிட்டாரு. அப்படியே வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டாரு."

"அண்ணி?"

"உயிர் இருந்துச்சு."

அவர் புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும், வேலை போயிடும்னு அண்ணன் என் காலைப் புடிச்சு அழுதாரு. நான்தான்... நான்தான் தம்பி ஷெட்டுக் கதவைச் சாத்தினேன். விடியற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் சமையலறையில உக்காந்து காதைப் பொத்திக்கிட்டேன்."

அவர் கை காருக்கடியில் நீண்டது. அங்கே தரையில் ஒரு பாய் அகலத்துக்குச் சிமென்ட் வேறு நிறத்தில் இருந்தது.

தட்டுவது நின்றுவிட்டது.

"நான் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும் டீச்சர்."

"சொல்லுங்க. எனக்குத்தான் வாய் வரலை."

சொன்னேன். துணியில் சுற்றியதையும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் தரையை உடைத்தார்கள். எலும்புகளின் மேல் மஞ்சள் துணி மிச்சமிருந்ததாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கிழவர் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே அண்ணன் இறந்துபோனார். டீச்சருக்கு ஜாமீன் கிடைத்தது. வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ ஒற்றை அறையில் குடியிருப்பதாகக் கேள்வி.

மைத்துனன் இப்போது பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். கண்ணாடி என்ற பேச்சையே எடுப்பதில்லை. நான் விடவில்லை, வேறு தொழில் தெரியாது. எலும்பு உரியவரிடம் போய்ச் சேர்ந்தாயிற்று, இனி அவள் அடங்கிவிடுவாள் என்று என் மனைவியும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

போன வியாழக்கிழமை காலை போன் வந்தது. டீச்சர்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?" குரல் பிசிறில்லாமல், வகுப்பில் வாசிப்பதுபோல ஒரே சீராக இருந்தது. "உங்க நம்பரைத் தேடிக் கண்டுபுடிக்கச் சொன்னாங்க. அதான்."

"யாரு சொன்னாங்க?"

"இருங்க, குடுக்கறேன்."

போன் கைமாறும் சத்தம். வளையல்கள் குலுங்கின. டீச்சர் கையில் ஒரு வளையல்கூடப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இளம்பெண்ணின் குரல். தொண்டை மட்டும் வெகுநாள் பேசாததுபோலக் கரகரத்தது.

"ரொம்ப உதவிண்ணே" என்றது. "இனிமே நீங்க கவலைப்படாதீங்க. நாத்தனாரை நான் பார்த்துக்கறேன்."