மேல் பலகையில் ஓர் ஆள்

வடதேசத்துக் குளிர்காலம்; பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ரைலி காரை நிறுத்திவிட்டுக் காகித ஆலையின் பூட்டைத் திறந்தாள். ஆலையை மூடிய அன்று எல்லோரையும் உணவுக்கூடத்தில் கூட்டிவைத்து, வேலையிலிருந்து நீக்கிக் கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பனியில் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்தியை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அதன்பிறகு கடையில் எதிர்ப்படும் பழைய ஆட்கள், அலமாரியில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஓய்வா என்ற சக தொழிலாளி மட்டும் அப்படிச் செய்திருக்கமாட்டான். வருடக்கணக்காக அவளோடு ஒரே இயந்திரத்தில் நின்றவன். வேலை போன அந்த மாதமே, சரியாக உறையாத ஏரியின்மேல் நடந்து போனான்; திரும்பி வரவில்லை. மீன் பிடிக்கப் போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தூண்டில் அவன் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்திருந்தது.

ரைலி கைவிளக்கோடு இயந்திரக் கூடத்தைக் கடந்தாள். மரக்கூழின் பழைய புளிப்பு வாடை. அதற்குள் இன்னொரு வாசனை கலந்து வந்தது.

சூடேறிய கல்லின் வாசனை.

கூடத்தின் கோடியில் தொழிலாளர்களின் சவுனா இருந்தது. வேலை முடிந்து, சூடேற்றிய கற்களில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் எல்லோரும் வெந்து குளிக்கும் அறை. ஆலையை மூடியதிலிருந்து அங்கே மின்அடுப்பு எரியவில்லை.

உள்ளே யாரோ கல்லில் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஸ்ஸ்ஸ்.

கதவின் மரப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கைவிளக்கு மங்கிப்போனது. உட்காரும் மேல் பலகையில் கூன் விழுந்த முதுகோடு ஓர் உருவம்.

“உன்னையும் அனுப்பிட்டாங்களா?”

ஓய்வாவின் குரல்.

“இன்னும் இல்ல,” என்றாள் அவள், தன்னையறியாமல்.

“அப்ப உள்ள வந்து கதவச் சாத்து, ரைலி. சூடு போகுது.”

அவள் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தாள்.

உருவம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டது.

இன்னொரு காலையும் வைத்தாள். அப்போது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கொதிக்கும் ஆவிக்குள், ஏரியின் அடித்தண்ணீர் போலச் சில்லிட்ட கை. ரைலி உதறிக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் துரத்தவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

மறுநாள் மின்பணியாளர் எஸ்கோ வந்து பார்த்தார். அடுப்புக்குப் போகும் கம்பியை அவரே எப்போதோ வெட்டியிருந்தார். கற்களில் தூசி படிந்திருந்தது. தனியாகக் கிடந்தால் சுவர்கூடப் பேசும், ஒரு நாயாவது வளர்க்கக்கூடாதா என்று சிரித்தார். அவள் சாவியை நீட்டியதும் சிரிப்பு நின்றது.

“ஊரே வேலையில்லாம கெடக்கு. நீயா விட்டுட்டுப் போறியா?”

“அங்க ஆள் இருக்கு, எஸ்கோ.”

சாயங்காலம் வீட்டில் குளிக்கச் சட்டையைக் கழற்றியபோது, முதுகில் ஏதோ ஒட்டியிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. பிர்ச் மரத்து இலை. சவுனாவில் பக்கத்தில் இருப்பவர் முதுகில் செல்லமாக அடிக்கும் இலைக்கொத்திலிருந்து உதிர்ந்ததுபோல, பச்சையாக, ஈரமாக. ஜன்னலுக்கு வெளியே ஜனவரி மாதத்து மரங்கள் மொட்டையாக நின்றன.

அதைப் பிய்த்தெறிய அவளுக்குக் கை வரவில்லை.